யாளி பிறந்திருக்க முடியுமா?

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்திலும், வேலூர் சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்திலும் யாளிகள் பின்னங்காலை ஊன்றி எழுந்து நிற்கின்றன. உடல் சிங்கம், சில தூண்களில் முகத்தில் துதிக்கையும் தந்தமும். தொடையின் முறுக்கையும் விலாவின் இறுக்கத்தையும் பார்த்தால், செதுக்கியவர் உயிருள்ள விலங்குகளைக் கூர்ந்து கவனித்தவர் என்பது விளங்கும். சங்கப் பாடல்களில் வரும் ஆளி யானையையே கொல்லும் விலங்கு. இப்படி ஓர் உயிர் உண்மையிலேயே உருவாகியிருக்க முடியாதா என்று கேட்பது விளையாட்டுக் கேள்விபோலத் தோன்றினாலும், அதன் வயது 2,400 ஆண்டுகளுக்கு மேல்.

தத்துவவாதிகள், மருத்துவர்கள், எலும்பியல் அறிஞர்கள், இயற்பியலாளர்கள், மரபணு ஆய்வாளர்கள் என வரிசையாகப் பலர் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பதில் சொன்னது ஒரே கேள்விக்கு அன்று. அப்படி ஓர் உடல் நிற்குமா என்று பார்த்தவர் ஒருவர். கருவில் உருவாகுமா என்று பார்த்தவர் இன்னொருவர். பிறந்தால் பிழைக்குமா, இருக்கும் உயிரினங்களிலிருந்து அந்த இடத்துக்கு வந்துசேர வழி உண்டா என்பவை வேறு கேள்விகள். நான்கையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் விவாதம் இவ்வளவு நீண்டது.

மூன்று வயதுக் குதிரை

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் வாழ்ந்த எம்பெடோக்ளிஸ், ஆதியில் கைகால்களும் தலைகளும் தனித்தனியே அலைந்து, கண்டபடி ஒட்டிக்கொண்டன என்றார். மாட்டுத் தலை மனிதனும் மனிதத் தலை மாடும் அப்படிப் பிறந்தவை. பிழைக்கத் தகுதியற்றவை அழிந்தன, மற்றவை நிலைத்தன. இயற்கைத் தேர்வின் மங்கலான முன்னோட்டம் இதில் இருப்பதாகச் சிலர் கருதுகிறார்கள். அது சற்று தாராளமான வாசிப்பு. எம்பெடோக்ளிஸிடம் பரம்பரை என்ற கருத்து இல்லை. தற்செயலான ஒட்டுவேலை மட்டுமே உண்டு.

கி.மு. முதல் நூற்றாண்டின் ரோமக் கவிஞர் லுக்ரீஷியஸ் இதை மறுத்தார். பாதி குதிரை, பாதி மனிதனான சென்டார் இருக்கவே முடியாது என்பதற்கு அவர் சொன்ன காரணம் இன்றும் சுவையானது: மூன்று வயதில் குதிரை முழு வலிமை பெற்றுவிடும், மனிதப் பிள்ளையோ பால்குடியையே முழுதாக மறந்திருக்காது. ஒரே உடலில் இரண்டு கடிகாரங்கள் எப்படி ஓடும்? நெருப்பு உமிழும் கைமேராவைப் பற்றியும் கேட்டார்: நெருப்பு எல்லாச் சதையையும் சுடும்போது அதன் தொண்டையை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது? இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் இன்னும் நடைமுறைக்காரர். சென்டார் எதைத் தின்னும், புல்லையா, மனித உணவையா என்பது அவர் கவலை.

இவை எல்லாம் நல்ல வாதங்கள்தான். ஆனால் வளர்ந்து முடிந்த இரண்டு விலங்குகளை வெட்டி ஒட்டுவதற்கு எதிராக மட்டுமே அவை செல்லும். ஒரே கொடிவழி தலைமுறை தலைமுறையாக மெல்ல மாறிச் சென்டாரைப் போன்ற வடிவத்தை அடைந்தால், அதன் வளர்ச்சிக் கடிகாரம் ஒன்றாகவே இருக்கும். லுக்ரீஷியஸின் கேள்வி அங்கே எழாது.

எலும்பு சொன்ன கதை, எலும்பின்மேல் ஏற்றிய கதை

இன்னொரு அணி கேள்வியைத் தலைகீழாகத் திருப்பியது. அந்த விலங்குகள் வேறு வடிவில் உண்மையிலேயே இருந்தன, அவற்றின் எலும்புகளைக் கண்டவர்கள் கதை கட்டினார்கள் என்பது அதன் வாதம். ஒற்றைக்கண் அரக்கனான சைக்ளோப்ஸ், சிசிலியில் கிடைத்த குள்ள யானை மண்டையோடுகளிலிருந்து பிறந்தவன் என்று ஆஸ்திரிய ஆய்வாளர் ஓதேனியோ ஏபெல் 1914-இல் எழுதினார். யானை மண்டையின் நடுவில் துதிக்கைக்கு உரிய பெரிய துளை கண்குழிபோலவே தோன்றும். 2000-இல் ஏட்ரியன் மேயர் இதை விரிவாக்கி, கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின், மத்திய ஆசியப் பாலையில் தங்கம் தேடியவர்கள் கண்ட புரோட்டோசெராடாப்ஸ் டைனோசர் எலும்புகளின் நிழலாக இருக்கலாம் என்றார். அருங்காட்சியகங்களும் ஆவணப்படங்களும் இதை விரும்பி ஏற்றன.

கருத்து கவர்ச்சியானது, சான்று மெலிந்தது. 2024-இல் மார்க் விட்டனும் ரிச்சர்ட் ஹிங்கும் வெளியிட்ட ஆய்வு, அந்த எலும்புகள் கிடைக்கும் இடங்களுக்கும் பழங்காலத் தங்கச் சுரங்கங்களுக்கும் இடையே நெடுந்தொலைவு இருப்பதையும், கிரிஃபின் உருவம் அண்மைக் கிழக்கு நாடுகளின் கலையில் கிரேக்கர் கதைக்கு வெகு முன்பே இருந்ததையும் சுட்டிக்காட்டியது. ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபர்ட் நகரச் சான்று இதைவிட வலுவானது. அங்கே கிடைத்த கம்பளிக் காண்டாமிருக மண்டையோடு, நகர நீரூற்றில் நிற்கும் டிராகனின் தலைக்கு மாதிரியானது. ஆனால் டிராகன் கதை அங்கே முன்பே இருந்தது. எலும்பு கதையைப் பெற்றெடுக்கவில்லை; அதற்கு ஒரு முகம் கொடுத்தது.

இந்தியாவில் 1830-களில் சிவாலிக் மலைகளைத் தோண்டிய ஹியூ ஃபால்கனரும் பிராபி காட்லியும் ஒரு மாபெரும் ஆமையின் எச்சங்களைக் கண்டபோது, யானையையும் உலகையும் தாங்கும் புராண ஆமை ஃபால்கனரின் நினைவுக்கு வந்தது. இன்று இந்தப் பழக்கம் பெயரிடுவதோடு நின்றுவிடுகிறது. குஜராத்தின் கச்சுப் பகுதி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 4.7 கோடி ஆண்டுப் பழமையான பாம்பின் முதுகெலும்புகளை ஆராய்ந்த ரூர்க்கி ஐஐடி ஆய்வாளர்கள், 2024-இல் அதற்கு வாசுகி இண்டிகஸ் என்று பெயரிட்டார்கள். நீளம் 11 முதல் 15 மீட்டர் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. பாற்கடலைக் கடையப் போதாது. ஆனாலும் இன்றைய மலைப்பாம்பு எதுவும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

எப்படியானாலும், கதை எங்கிருந்து வந்தது என்பதற்கே இந்த அணியிடம் பதில் உண்டு. அந்த உயிர் உருவாக முடியுமா என்பது அப்படியே மிஞ்சுகிறது.

கூவியேவின் கொம்பு

அந்தக் கேள்வியை முதலில் முறையாகக் கையாண்டவர் பிரெஞ்சு உடற்கூறியலாளர் ஜார்ஜ் கூவியே. ஓர் உடலின் உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்தவை. இறைச்சியைக் கிழிக்கும் பல் இருந்தால் அதற்கேற்ற தாடை, குடல், நகம் எல்லாம் இருந்தாக வேண்டும் என்பது அவர் கோட்பாடு. மாணவன் ஒருவன் சாத்தான் வேடமிட்டு நள்ளிரவில் அவரை மிரட்டியதாகவும், கொம்பும் குளம்பும் இருப்பதால் நீ தாவர உண்ணி, என்னைத் தின்ன முடியாது என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்ததாகவும் ஒரு கதை உலவுகிறது. நடந்ததோ இல்லையோ, கோட்பாட்டின் சாரம் அதில் இருக்கிறது.

பிளவுபட்ட குளம்புள்ள ஒற்றைக்கொம்பன் இருக்க முடியாது என்றும் கூவியே வாதிட்டார். அத்தகைய விலங்குகளின் நெற்றி எலும்பு இரண்டாகப் பிரிந்தது. இணைப்பின் மேல் கொம்பு முளைக்காது என்பது காரணம். ஒரு நூற்றாண்டு கழித்து, 1933-இல், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஃபிராங்க்ளின் டவ், பிறந்து ஒரு நாளே ஆன காளைக்கன்றின் இரண்டு கொம்பு முளைகளையும் எடுத்து நெற்றி நடுவில் சேர்த்து வைத்தார். கொம்பின் முளை தோலோடு இருக்கும் திசு. பிறகுதான் எலும்போடு ஒட்டும். கன்று வளர்ந்து ஒற்றைக்கொம்புக் காளையானது. முடியாது என்று கோட்பாடு சொன்னது. மாடு அதைக் கேட்கவில்லை.

இயற்கையும் கோட்பாட்டைக் கேட்பதில்லை. 1799-இல் ஆங்கில இயற்கையியலாளர் ஜார்ஜ் ஷா ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸின் தோலை விவரித்தபோது, யாரோ வாத்தின் அலகைத் தைத்து ஏமாற்றுகிறார்களோ என்று ஐயப்பட்டார். வாத்து அலகு, முட்டை, பால், ஆணின் பின்னங்காலில் நஞ்சு முள், இரையின் மின்துடிப்பை உணரும் மூக்கு. புராணத்தில் எழுதியிருந்தால் மிகை என்றிருப்பார்கள்.

யாளியை இந்தத் தராசில் வைத்துப் பார்க்கலாம். நீண்டு வளையும் மூக்கு யானைக்கு மட்டுமே உரியதன்று. டேப்பிர், சைகா மான், யானைச் சீல் ஆகியவை தனித்தனியே அதன் சிறு வடிவங்களை அடைந்துள்ளன. வாளைப் போன்ற நீள்பல் வேட்டை விலங்குகளில் பலமுறை தோன்றியது. தென்னமெரிக்காவின் தைலகோஸ்மைலஸ் பூனை இனமே அன்று, பைப்பாலூட்டிகளின் உறவு. ஆனால் அதன் பல் வாள்பல் பூனையின் பல்லைப் போன்றது. உறுப்புகளைத் தனித்தனியாகப் பார்த்தால் தடையில்லை. சேர்ந்திருப்பதில்தான் இடறல். துதிக்கை என்பது மூக்கும் மேலுதடும் இணைந்து நீண்ட தசை. தரையை எட்டாத பெரிய தலையும் குட்டைக் கழுத்தும் கொண்ட தாவர உண்ணிக்கு அது கை. தாவிக் கடிக்க வேண்டிய விலங்குக்கு அதே உறுப்பு வாயின் முன் தொங்கும் இடைஞ்சல். இரை உதைத்தால் முதலில் அடிபடுவதும் அதுதான். கூவியேவின் வாதம் இங்கே ஓரளவு எடுபடுகிறது. ஆனால் அது காட்டுவது இழப்பைத்தான். முற்றான தடையை அது நிறுவுவதில்லை.

எடையும் நெருப்பும்

1638-இல் கலிலியோ ஒரு கணக்குப் போட்டார். உருவம் எல்லாப் பக்கமும் பத்து மடங்கானால் எடை ஆயிரம் மடங்காகும். எலும்பின் குறுக்குப் பரப்போ நூறு மடங்குதான். அரக்கன் தன் எடையிலேயே முறிவான். 1926-இல் ஜே.பி.எஸ். ஹால்டேன் இதைப் புகழ்பெற்ற கட்டுரையாக்கினார். பின்னாளில் இந்தியாவில் குடியேறி இங்கேயே மறைந்த அவர், மனித உடலோடு பறக்கும் தேவதைக்குச் சிறகுத் தசை பொருந்த வேண்டுமானால் நெஞ்சு நான்கடி முன்தள்ளியிருக்க வேண்டும் என்றும் கணக்கிட்டார்.

கணக்கு சரி. அதிலிருந்து பலர் எடுத்த முடிவுதான் அவசரமானது. மனித வடிவை அப்படியே பெருக்கினால் முறியும். வடிவை மாற்றினால்? சௌரோபாட் டைனோசர்களில் சில 70 டன் வரை எட்டியதாக மதிப்பிடுகிறார்கள்: தூண்போன்ற கால்கள், காற்றறைகள் நிறைந்த முதுகெலும்பு, மெல்லாமல் விழுங்கும் சிறு தலை. டெக்சாஸில் கிடைத்த கெட்சால்கோட்லஸ் என்ற பறக்கும் ஊர்வனத்தின் சிறகு விரிவு 10 மீட்டருக்கு மேல். எடை 200 கிலோவைத் தாண்டியிருக்கலாம். பறக்கும் பேருயிருக்கு இயற்பியல் விதித்த வரம்பு பலர் நினைத்ததைவிடத் தள்ளியே இருந்தது.

நெருப்பு வேறு விஷயம். பாம்பார்டியர் வண்டு வயிற்றறையில் ஹைட்ரோகுயினோனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து, கொதிநிலையை ஒட்டிய சூட்டில் பீய்ச்சுகிறது. நஞ்சைக் கண்ணைப் பார்த்து உமிழும் திறன் நாகங்களிலும் அவற்றின் நெருங்கிய உறவுகளிலும் மூன்று முறை தனித்தனியே தோன்றியதாக 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. மாடுகள் ஏப்பத்தில் எரிவாயுவையே விடுகின்றன. எரிபொருளும் பீய்ச்சும் கருவியும் இருக்கின்றன. பற்றவைத்த விலங்குதான் அறியப்படவில்லை. சூடான, எரிச்சலூட்டும் திரவமே எதிரியை விரட்டிவிடும் என்றால், அதற்கு மேல் தீப்பிழம்புக்குப் போக எந்தப் படிநிலை லாபம் தரும் என்று சொல்வது கடினம்.

ஆறாவது கால்

இதுவரை கண்ட தடைகளைவிட உறுதியானது ஒன்று உண்டு: முன்னோர். ஐரோப்பிய டிராகனுக்கு நான்கு கால், இரண்டு சிறகு. சென்டாருக்கு நான்கு கால், இரண்டு கை. சிறகுக் குதிரையும் அப்படியே. ஆனால் தவளை முதல் திமிங்கலம் வரை, நிலத்தில் ஏறிய முதுகெலும்பிகளின் வாரிசுகள் எவற்றுக்கும் இரண்டு இணைக்கு மேல் கைகால் இல்லை. பாம்பைப்போல இழந்தவை உண்டு, கூட்டிக்கொண்டவை இல்லை. டெரோசார், பறவை, வௌவால் என மூன்று முறை சிறகடித்துப் பறக்கும் ஆற்றல் தோன்றியது. மூன்றிலும் முன்னங்கையே சிறகானது. பறக்கக் கை கொடுக்க வேண்டியிருந்தது. பூச்சிகள் இந்த விலையைத் தரவில்லை. ஆறு காலையும் வைத்துக்கொண்டே நான்கு சிறகு பெற்றன. ஆகவே தடை இயற்பியலில் இல்லை, கொடிவழியில் இருக்கிறது.

அந்தக் கொடிவழியே வேறாக இருந்திருக்கலாம். 40 கோடி ஆண்டுகளுக்கு முன் நீந்திய கிளைமேஷியஸ் என்ற சிறு மீனுக்கு முன்துடுப்புக்கும் பின்துடுப்புக்கும் இடையே வயிற்றோரம் இணை இணையாக முட்கள் இருந்தன. அத்தகைய மீன் கரையேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது வீண் கற்பனை இல்லை. ஆனால் கரையேறியவை நான்கு துடுப்பு மீன்களின் வழிவந்தவை.

கருவில் கூடுதல் கால் முளைக்கவே முடியாதா? முடியும். 1995-இல் ஷெரில் டிக்கலும் மார்டின் கோனும் உள்ளிட்ட குழு, வளர்ச்சிப் புரதம் தோய்த்த சிறு மணியைக் கோழிக் கருவின் விலாவில் வைத்தது. அங்கே கூடுதல் கால் முளைத்தது. 2024-இல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் கரு வளர்ச்சியின் நடுவில் ஒரே ஒரு மரபணுவை முடக்கியபோது, எலிக் கருவில் இனவுறுப்பு வர வேண்டிய இடத்தில் இன்னோர் இணைப் பின்னங்கால் உருவானது. ஆய்வகத்துக்கு வெளியிலும் நடக்கிறது. ரைபெய்ரோயா என்ற ஒட்டுண்ணித் தட்டைப்புழு தலைப்பிரட்டையின் கால் முளையைத் துளைக்கும்போது, பல கால் தவளைகள் பிறக்கின்றன. சரியாகத் தத்த முடியாத அவற்றைப் பறவைகள் எளிதாகப் பிடித்துத் தின்கின்றன. புழுவுக்குத் தேவையான அடுத்த வீடும் பறவையின் உடல்தான்.

திடீரென்று பிறக்கும் இத்தகைய உயிர்களில் மிக அரிதாக ஒன்று புதிய இனத்தின் தொடக்கமாகலாம் என்று ரிச்சர்ட் கோல்ட்ஷ்மிட் 1930-களில் வாதிட்டு, அவற்றுக்கு 'நம்பிக்கை தரும் அரக்கர்' என்று பெயர் சூட்டினார். அவரைப் பலர் எள்ளினார்கள். அப்படிப் பிறந்த ஒன்றுக்கு இணை எங்கே கிடைக்கும் என்பது நியாயமான எதிர்க்கேள்வி; கால் கூடினால் மட்டும் போதாது, அதை இயக்கும் நரம்பும் தாங்கும் எலும்பு வளையமும் வேண்டும் என்பது அடுத்தது. உடல் திட்டத்தை ஆளும் ஹாக்ஸ் மரபணுக்கள் பற்றிய அறிவு வளர்ந்த பிறகு, ஒரு மாற்றம் உறுப்பையே இடம் மாற்றும் என்ற அளவுக்கு அவர் பெயர் ஓரளவு மீண்டது. புதிய இனங்கள் அவ்வழியே பிறப்பது வழக்கம் என்பதற்குச் சான்று இன்னும் குறைவு.

ஸ்பானிய உயிரியலாளர் பெரே ஆல்பெர்க் 1989-இல் சொன்ன கருத்து இன்னும் கூர்மையானது. பிறவிக் கோளாறுகள்கூடக் கண்டபடி வருவதில்லை. கருவளர்ச்சியின் விதிகள் அனுமதிக்கும் வடிவங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டு தலைப் பாம்பும் ஆமையும் உலகெங்கும் பிறக்கின்றன. சீனாவில் சுமார் 12 கோடி ஆண்டுப் பழமையான ஊர்வனக் குஞ்சின் புதைபடிவத்துக்கும் இரண்டு தலை. கண்டபேருண்டப் பறவையின் உருவம் அந்த வகையில் இயற்கையின் எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது, வாரிசு மட்டும் இல்லை. கழுகுத் தலையோடு சிங்கக் குட்டி பிறப்பதில்லை. 1984-இல் வெள்ளாட்டுக் கருவையும் செம்மறிக் கருவையும் கலந்து ஒரே உடலாக வளர்த்தார்கள். ஆனால் அந்தக் கலப்பு அதன் குட்டிக்குப் போகாது. ஒவ்வொரு விந்தணுவும் முட்டையும் இரண்டில் ஏதாவது ஒன்றின் வழிவந்ததே.

கூட்டம் இல்லாத அரக்கன்

கதைகளில் அரக்கன் தனியன். குகைக்கு ஒரு டிராகன், ஏரிக்கு ஒரு பூதம். பரிணாமமோ கூட்டங்களில் நடப்பது. சில நூறு உயிர்களாவது இல்லாமல் ஓர் இனம் நீடிப்பது அரிது, பெரும் வேட்டை விலங்குக்கு அவ்வளவு இரையும் வேண்டும். 2018-இல் ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரி நீரிலிருந்து மரபணுத் துணுக்குகளைச் சேகரித்த நீல் ஜெம்மெல் குழு, ஊர்வனவற்றின் தடயத்தையே காணவில்லை. விலாங்கு மீனின் தடயம் ஏராளம். இரத்தக் காட்டேரிக்குக் கணக்கு இன்னும் கொடியது. மாதம் ஒருவரைக் கடித்து அவரையும் காட்டேரியாக்கினால், ஒன்றிலிருந்து தொடங்கி 33 மாதங்களில் 800 கோடிப் பேரும் முடிந்துவிடுவார்கள். பிறகு பட்டினிதான்.

மீண்டும் ஓட்டிப் பார்த்தால்

மிஞ்சும் விவாதம் இருவர் பெயரால் அறியப்படுகிறது. உயிரின் வரலாற்றை முதலிலிருந்து மீண்டும் ஓட்டினால் முற்றிலும் வேறு உலகம் வரும் என்றார் ஸ்டீபன் ஜே கூல்ட், 1989-இல். சைமன் கான்வே மாரிஸ் மறுத்தார்: கண்ணும் சிறகும் வாள்பல்லும் பலமுறை தோன்றியிருப்பதால் நல்ல வடிவங்கள் குறைவு, பாதைகள் அங்கேயே குவியும். ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-இல் பன்னிரண்டு குடுவைகளில் வளர்க்கத் தொடங்கிய பாக்டீரியா இருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் சாட்சி சொல்கிறது. எல்லாக் குடுவைகளிலும் பல மாற்றங்கள் ஒரே திசையில் நடந்தன. சிட்ரேட்டை உண்ணும் திறன் மட்டும் ஒரே குடுவையில், 30,000 தலைமுறைகளுக்கு மேல் கடந்த பிறகு வந்தது.

இந்த நிலையில் எச்சரிக்கையோடு சொல்லத்தக்கவை சில. பேருருவும் நஞ்சுமிழ்தலும் பறக்கும் பேருயிரும் ஏற்கெனவே நடந்தவை. இரண்டு கொடிவழிகளின் உறுப்புகளை ஒட்டிய யாளி, கிரிஃபின் போன்றவை அதே வடிவில் வர வழி தெரியவில்லை. ஒரே கொடிவழியில் அவற்றை ஒத்த தோற்றம் உருவாவதை முற்றாக மறுக்கவும் ஆதாரம் இல்லை. ஆறு கால் முதுகெலும்பி நடுவில் நிற்கிறது: கரு அதை அனுமதிக்கிறது, வரலாறு ஒருமுறைகூடத் தேர்ந்தெடுக்கவில்லை. இது தற்செயலா, தடையா என்பதைப் பிரித்தறியும் சோதனை இன்னும் இல்லை.

டிராகனுக்கு மிக அருகில் வந்தவை சிறியவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கமுகுத் தோப்புகளில் மரம்விட்டு மரம் மிதக்கும் பறக்கும் ஓணான் விலா எலும்புகளையே சிறகாக விரிக்கிறது. அறிவியல் அதற்கு வைத்த பேரினப் பெயர் டிராகோ. அதற்கு 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வைகல்டிசாரஸ் என்ற ஊர்வனவும் நான்கு காலோடு சிறகும் விரித்து மிதந்தது. அதன் சிறகைத் தாங்கிய நீண்ட எலும்புகள் விலாவைச் சேர்ந்தவை அல்ல. அவை வயிற்றுப்புற எலும்புகளிலிருந்து வந்தனவா, தோலில் புதிதாக முளைத்தனவா என்பதில் தொல்லுயிரியலாளர்கள் இன்னும் உடன்படவில்லை.